நீ மேப்பைப் பார்த்துவிட்டுத்தான் போனாய்

இன்று காலை எங்கள் திருச்சானூர்த் தெரு வழியாகக் கோயில் யானை போனது. பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தவனுக்கு முதலில் எட்டியது அதன் வாசனை. ஈரச் சாணமும் கரும்புச் சக்கையும் காயாத சாக்கும் கலந்த மாதிரி ஒரு வாசனை. எதிர்வீட்டுக் குழந்தை வாழைப்பழத்தை நீட்டியது, பாகன் சிரித்தான், யானை பழத்தை வாங்கிக்கொண்டு தன் வழியே போனது. எனக்கு அதன் மேல் கோபம் இல்லை. எந்த யானையின் மேலும் இல்லை. ஆனாலும் கதவைச் சாத்திவிட்டேன். ஆபீசுக்கு வரவில்லை என்று செய்தி அனுப்பிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறவனைப் பார்த்தால் நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "ஏமிரா, வேல வெட்டி இல்லயா உனுக்கு?" என்பாய். வேலை இருக்கிறதடா. அதே ஆபீஸ், அதே நாற்காலி, அதே மேப். என்னை யாரும் வெளியே அனுப்பவில்லை. போன மாதம் எல்லோர் முன்னாலும் கூப்பிட்டு நிறுத்திக் கைகூடத் தட்டினார்கள்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ மேப்பைப் பார்க்காமல் போய் யானையிடம் மாட்டிக்கொண்டாய் என்று உன் ஊரே நம்பியது. உன் பெண்டாட்டியும் அதையே நம்பினாள். நீ பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் போனாய். இது எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது, தெரிந்துகொண்டு ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

திருப்பதியில் எம்.சி.ஏ. படித்தபோது நாம் இருவரும் ஒரே பெஞ்சு. வகுப்பில் பாதிப் பேருக்கு நம் தமிழைக் கேட்டால் சிரிப்பு, தமிழ்நாட்டிலிருந்து வந்து படித்தவர்களுக்கும் சிரிப்பு. ஆந்திராவிலேயே புத்தூர்க்காரன் நான், குடுபல்லிப் பக்கத்தவன் நீ, நம் இரண்டு பேர் தமிழுக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டர் இருந்தும் "இன்னாடா" என்ற ஒரு சொல் நம்மைச் சேர்த்து வைத்தது. பிறகு ஒரே ஆபீசில் சேர்ந்தோம். நாலு வருஷம் கழித்து உன் நைனாவுக்குக் கை கால் விழுந்ததும் நீ வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனாய். தக்காளி போட்டாய். லேப்டாப்பை மட்டும் விடவில்லை.

அதனால்தான் வனத்துறையின் யானை மேப் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்ததும் முதலில் உனக்குத்தான் போன் போட்டேன். உங்கள் பக்கத்தில் காட்டிலிருந்து இறங்கும் யானைகள் எங்கே நிற்கின்றன என்று ஊருக்கு ஒருவர் செல்போனில் குறிக்க வேண்டும். குறித்த உடனே அது சுற்றுப்பட்ட எல்லோர் போனிலும் மேப்பின் மேல் சிவப்புப் புள்ளியாக வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆபீஸ் காகிதங்களில் அதற்கு நீளமாக ஓர் இங்கிலீஷ் பெயர். நீ வைத்த பெயர் மணியோசை. "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்லிக்கீறாங்க இல்ல? காட்டு யானைக்கு எவன் மணி கட்டறது? நாமதான் கட்டணும்" என்றாய். ஊர் ஊராக நடந்து ஆட்களைச் சேர்த்தது நீ. எந்தக் காகிதத்திலும் உன் பெயர் இல்லை.

மேப் திறந்தவுடன் அந்த நேரத்தில் இருக்கிற புள்ளிகளை எல்லாம் டேட்டாபேஸிலிருந்து ஒரு தடவை மொத்தமாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மாற்றங்கள் மட்டும்தான் வரும். புதிதாக ஒரு புள்ளி வைத்தார்கள், ஒரு புள்ளியை நகர்த்தினார்கள், ஒரு புள்ளியை எடுத்தார்கள். இந்த மூன்றே சேதி. சேதி வந்தால் மேப் அதற்கேற்ற மாதிரி மாறும். நடுவில் சிக்னல் அறுந்தால், அறுந்திருந்த நேரத்துச் சேதிகள் போனது போனதுதான். யாரும் திரும்ப அனுப்ப மாட்டார்கள். இதை நான் படித்து முடித்துப் புரிந்துகொள்ள இரண்டு நாள் ஆனது. நீ போனிலேயே புரிந்துகொண்டாய்.

"கல்யாண வூடு மாதிரிடா. உள்ள நொழஞ்சதும் யார் யார் கீறாங்கன்னு ஒருக்கா பாத்துக்கிறே. அப்பால யாரு வராங்க, யாரு போறாங்கன்னு கண்ணு முன்னாலயே தெரியுது. நடுவுல பீடி புடிக்க வெளிய போய்ட்டு வந்தன்னா? மறுக்கா தலய எண்ணணும் இல்ல? எண்ணாம எல்லாம் எனுக்குத் தெரியும்னு ஒக்காந்துக்கினா அவன் முட்டாள்."

தலையை எண்ணணும். அது நம் இரண்டு பேருக்குள் ஒரு பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது. எந்தச் சந்தேகம் வந்தாலும் "தலய எண்ணுடா" என்பாய்.

அந்தச் சிவப்புப் புள்ளியே எப்படி வந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். முதலில் நான் அழகாக ஒரு யானைப் படம் போட்டிருந்தேன், தும்பிக்கை தூக்கின யானை. நீ அதை எடுத்துக்கொண்டு போய் உன் ஊரில் காட்டினதும் ஒரு கிழவி போனுக்கே கன்னத்தில் போட்டுக்கொண்டாளாம். அடுத்த ஆள் சூடம் ஏற்றலாமா என்று கேட்டானாம். சிரித்துச் சிரித்து உனக்கு இருமல் வந்துவிட்டது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: படம் வேண்டாம், புள்ளி போதும், இன்னொரு சங்கதியும் இருக்கிறது.

அந்தச் சங்கதிதான் என் தலையில் ஏறவில்லை. உங்கள் பக்கத்து ஜனங்கள் நிலத்தில் நின்றுகொண்டு யானை என்று சொல்ல மாட்டார்கள். பெரியவரு என்பார்கள். பெரியவர் வந்துவிட்டுப் போய்விட்டால் அவர் நின்ற இடத்தைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள், பேசினால் திரும்ப வருவார் என்று பயம். யானை நகர்ந்தால் புள்ளியைத் தொட்டு இழுத்துப் புதிய இடத்தில் விட வேண்டும் என்று நான் செய்து வைத்திருந்தேன். அவர்கள் அப்படிச் செய்யவே இல்லை. தங்கள் நிலத்தின் மேலிருந்த புள்ளியை முதலில் அழித்துவிடுவார்கள். ஒரு நிமிஷம் சும்மா இருப்பார்கள். அதற்கப்புறம்தான் யானை போன இடத்தில் புதுப் புள்ளி வைப்பார்கள். பெரியவரைத் தன் நிலத்திலிருந்து பிடித்து இன்னொருத்தன் நிலத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விடுகிற பாவத்தை எவன் செய்வான்?

"இழுக்கச் சொல்லிக் கத்துக்குடு" என்றேன் நான்.

"ஜனத்துக்கு நீ கத்துக்குடுக்கப் போறியா? மேப்புக்கு ஜனத்தப் பத்திக் கத்துக்குடுடா" என்றாய் நீ.

எனக்கு எரிச்சல் வந்தது. தக்காளி போடுகிறவன் எனக்குப் பாடம் நடத்துகிறானே என்று. இப்போது எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்றைக்கு அதைத்தான் நினைத்தேன், உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஓட்டையைக் கண்டுபிடித்ததும் நீதான். உன் வீட்டில் ஒரு விசேஷம் உண்டு. கொல்லையில் நின்றால் தமிழ்நாட்டு டவர், வாசலில் நின்றால் ஆந்திரா டவர். வீட்டுக்குள் நடந்தாலே போனில் சிக்னல் அறுந்து ஒன்றிரண்டு நிமிஷம் கழித்துச் சேரும். ஒருநாள் மத்தியானம் பக்கத்து ஊர் முனிரத்தினம் தன் மாந்தோப்பிலிருந்த புள்ளியை அழித்துவிட்டு வேறு இடத்தில் வைக்கும்போது நீ கொல்லையிலிருந்து வாசலுக்கு வந்திருக்கிறாய். அழித்த சேதி உனக்குக் கிடைத்தது. வைத்த சேதி கிடைக்கவில்லை. மேப்பில் புள்ளியே இல்லை. மூலையில் பச்சை விளக்கு மட்டும் லைவ், லைவ் என்று எரிந்துகொண்டிருந்தது. உடனே எனக்குப் போன் போட்டாய்.

"டேய், இழுத்து வுட்டுருந்தா பழைய எடத்துலயாவது புள்ளி நின்னுக்கினு இருந்திருக்கும். பெரியவரு கீறாருன்னாவது தெரியும். இவங்க அழிச்சிட்டு வெக்கிறாங்க. நடுவுல அறுந்தா மேப்பு இன்னா சொல்லுது தெரியுமா? யானையே இல்லன்னு சொல்லுது. பச்ச லைட்டு போட்டுக்கினு சொல்லுது."

உன் குரலில் அன்றைக்குப் பயம் இருந்தது. நான் உடனே உட்கார்ந்து எழுதினேன். சிக்னல் திரும்பச் சேர்ந்த உடனே பழைய புள்ளிகளை எல்லாம் துடைத்துவிட்டு டேட்டாபேஸிலிருந்து மொத்தத்தையும் மறுபடி எடுக்கிற மாதிரி. எட்டு வரிதான். சாயங்காலமே உனக்குச் சொன்னேன், தலையை எண்ணுகிற வேலையைப் போட்டுவிட்டேன் என்று. நீ கொல்லைக்கும் வாசலுக்கும் நாலைந்து தடவை நடந்து பார்த்துவிட்டு, "சூப்பர்ரா" என்று அனுப்பினாய்.

அந்த எட்டு வரி இரண்டு வாரம் இருந்தது. பிறகு பெரிய அதிகாரிகளுக்கு மேப்பைக் காட்டுகிற நாள் வந்தது. முந்தின நாள் ஒத்திகை. எங்கள் ஆபீஸ் வைஃபை எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும், நொடிக்கொரு தடவை அறுந்து சேரும். சேரும்போதெல்லாம் திரையில் புள்ளிகள் மொத்தமும் மறைந்து திரும்ப வந்தன. மேனேஜர் முகம் சுளித்தார். "ஏன்டய்யா இதி, மினுகு மினுகுமண்டோந்தி? பெத்தவாள்ள முந்து இதி சூபிஸ்தாமா?" பெரிய மனிதர்கள் முன்னால் இப்படி மினுக்குகிற மேப்பையா காட்டுவது என்று அவருக்குக் கவலை.

மினுக்காமல் செய்யவும் வழி இருந்தது. பழைய புள்ளிகளையும் புதிய புள்ளிகளையும் ஒப்பிட்டு, மாறினதை மட்டும் மாற்றினால் போதும். அரை நாள் வேலை. அந்த அரை நாள் என்னிடம் இல்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். எட்டு வரியையும் எடுத்துவிட்டேன். காட்டி முடித்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்றுதான் எடுத்தேன். அதிகாரிகள் பாராட்டினார்கள், மேனேஜர் ஸ்வீட் வாங்கிக்கொடுத்தார், அடுத்த வேலை வந்தது. மறந்தேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். முழுவதும் மறக்கவில்லை. பல்லிடுக்கில் மாட்டின நார் மாதிரி அவ்வப்போது நினைவுக்கு வரும், நாக்கால் தள்ளிவிட்டு வேறு வேலை பார்ப்பேன்.

பத்து நாள் கழித்து நீ போனில் கேட்டாய். வேறு எதையோ பேசி முடித்து வைக்கப்போகும்போது கேட்டாய். "தல எண்றது கீது இல்ல?"

"கீதுடா" என்றேன்.

எதற்காகச் சொன்னேன்? எடுத்துவிட்டேன் என்று சொன்னால் நீ கத்துவாய். ஏன் எடுத்தாய் என்று கேட்பாய், மினுக்குகிறது என்று நான் சொல்ல வேண்டி வரும். அந்த வெட்கத்துக்குப் பயந்து சொன்னேன். இன்றைக்குப் போட்டுவிடுவோம், அதற்குள் சொன்னால் என்ன சொல்லாவிட்டால் என்ன என்று நினைத்தேன். நீயும் இந்தத் தடவை நடந்து பார்க்கவில்லை. சிநேகிதன் சொல்கிறான், அப்புறம் என்ன நடந்து பார்ப்பது என்று விட்டுவிட்டாய்.

அந்த வாரம்தான் அது நடந்தது. விடிந்தும் விடியாத நேரம். மோட்டாருக்குக் கரண்டு விடுகிற நேரம் அது. உன் தக்காளி ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். ஒத்தை யானை ஒன்று இரண்டு நாளாக அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது எல்லோருக்கும் தெரியும், உனக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும்.

செய்தி எனக்கு வந்தபோது மணி எட்டு. போனை வைத்துவிட்டு நான் அழவில்லை. லேப்டாப்பைத் திறந்தேன். சர்வர் லாக்கைப் பார்த்தேன், அதாவது யார் போன் எப்போது சேர்ந்தது, எப்போது அறுந்தது, என்ன கேட்டது என்று தானாக எழுதிக்கொண்டே வரும் குறிப்பை. உன் போன் அதில் இருந்தது. எழுந்ததும் மேப்பைத் திறந்திருக்கிறாய். முனிரத்தினம் தோப்பில் புள்ளி இருந்திருக்கிறது. பிறகு அவர் அழித்திருக்கிறார், அந்தச் சேதி உனக்கு வந்து சேர்ந்திருக்கிறது. உடனே உன் சிக்னல் அறுந்திருக்கிறது. கொல்லையில் பல் தேய்த்துவிட்டு வாசலுக்கு வந்திருப்பாய். நீ அறுந்திருந்த அந்த இரண்டு நிமிஷத்தில் முனிரத்தினம் ஏரிக்கரையில் புதுப் புள்ளி வைத்திருக்கிறார். நீ திரும்பச் சேர்ந்தபோது உன் போனில் பச்சை விளக்கு எரிந்திருக்கும். யானை எங்கேயும் இருந்திருக்காது.

அதோடு முடியவில்லை. மேப்பைப் பெரிதாக்கினால் அந்த இடத்துப் படங்களை மட்டும் போன் சர்வரிடம் கேட்கும். உன் போன் கேட்டிருக்கிறது. ஏரிக்கரைப் பாதையைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறாய். இரண்டு தடவை பார்த்திருக்கிறாய். அத்தனை ஜாக்கிரதையாகப் பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டியிருக்கிறாய்.

எட்டு வரியையும் அன்றைக்கே திரும்பப் போட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். யாரும் கவனிக்கவில்லை.

உன் வீட்டுக்கு வந்தேன். சித்தூர், பலமனேர், குப்பம் என்று பஸ் மாறி மாறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முனிரத்தினம் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் வெச்சேனே சாமீ, ஏரிக்கரைல வெச்சேனே. அவன் பாக்காம பூட்டானே." அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவர் போனில் அந்தப் புள்ளி இருந்தது, எல்லோருக்கும் காட்டினார். எல்லோரும் பார்த்தார்கள். ஊரில் யாரோ ஒருவன் அந்தப் பழமொழியையும் சொன்னான், ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி என்று. உன் பிணம் எரிந்து ஆறுவதற்குள் சொன்னான். அவன் சட்டையைப் பிடித்து உலுக்க என் கை எழுந்தது. எந்த முகத்தோடு உலுக்குவது? கையை இறக்கிக்கொண்டேன்.

உன் பெண்டாட்டி சுமதி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்துச் சொன்னாரே ணா, தனக்கு ஒருக்கா பாத்துக்கக்கூடாதா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்ததை அவள் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஆபீசில் அறிக்கை கேட்டார்கள். எழுதினது நான்தான். "சம்பவத்துக்கு முன்பே எச்சரிக்கை டேட்டாபேஸில் பதிவாகியிருந்தது" என்று ஒரு வரி எழுதினேன். உண்மைதான். அறிக்கை முழுவதும் ஒரு பொய் கிடையாது. உன் போனுக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்கவில்லை, கேட்காததை நான் சொல்லவில்லை. மேனேஜர் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, தெரிந்துகொள். அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தவனே நீ. மேப் பொய் சொல்லும் என்று உலகத்தில் யாருக்காவது தெரியும் என்றால் உனக்குத்தான். முனிரத்தினத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் என்ன? ஒரு தடவை மேப்பை மூடித் திறந்திருந்தால் என்ன? நாலைந்து மாதம் இந்தக் கோபத்தை வைத்துக்கொண்டுதான் நான் சோறு தின்றேன். பிறகு அதுவும் போதவில்லை. நீ ஏன் மூடித் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் கீதுடா என்று சொல்லியிருந்தேன்.

போன மாதம் உன் வருஷத் திதிக்குச் சுமதி கூப்பிட்டாள். வராமல் இருக்க எத்தனையோ சாக்கு யோசித்தேன். கடைசியில் வந்தேன். படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். உன் மகள் பள்ளிக்கூடத்தில் நோட்டை மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறாள். சுமதி அவளை அதட்டினாள். "எதயும் பாக்கறதில்ல. அப்பிடியே உங்க நைனா புத்தி. அலட்சியம்." அந்தக் குழந்தை சுவரில் மாட்டியிருந்த உன் படத்தை நிமிர்ந்து பார்த்தது. கோபமாகப் பார்த்தது. எட்டு வயசுக் குழந்தைக்குச் செத்த அப்பன் மேல் கோபம்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கையைக்கூடத் துடைக்காமல் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "அவன் அலட்சியம் இல்லம்மா. அவன் பார்த்தான். பார்த்துட்டுத்தான் போனான். மேப்புல புள்ளி வரலை. சரியா இருக்குன்னு அவன்கிட்ட பொய் சொல்லியிருந்தேன். என் தப்பு."

"பாத்தாரா?" என்றாள்.

"பார்த்தான். ஏரிக்கரையை ரெண்டு தடவை பெருசாக்கிப் பார்த்தான்."

"பாத்தாரா?" என்று திரும்பவும் கேட்டாள். நான் லாக்கை எடுத்துப்போயிருந்தேன், ஒரு வருஷமாக என் போனில் வைத்திருந்தேன். அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது, இருந்தாலும் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கேட்டாள், இது என்ன, இது என்ன என்று. முனிரத்தினம் எழுந்து நின்றுவிட்டார். "நான் அழிச்சிட்டு வெச்சதாலயா?" என்றார். "இல்லைண்ணா, நீங்க செய்யறது உங்க வழக்கம், அதுக்குத் தகுந்த மாதிரி மேப்புல ஒரு வேலை இருந்தது, நான்தான் அதை எடுத்தேன்" என்றேன். எத்தனை தடவை சொல்லியும் அவர் உட்காரவில்லை. ஒரு வருஷம் உன் மேல் போட்ட பழியை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தார்.

சுமதி மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "உங்க நைனா பாத்துட்டுத்தான் போச்சி. கேட்டுக்கினியா? ரெண்டு தபா பாத்துச்சி" என்றாள். அப்போதுதான் அழுதாள். என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருக்கலாம்.

அழுகை நின்றதும் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு கேட்டாள். "இப்போ சரி பண்ணிட்டீங்களா?"

"பண்ணிட்டேம்மா."

"இதத்தானே அவருகிட்டயும் சொன்னீங்க?"

அவள் உள்ளே போய்த் தன் போனை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். "காட்டுங்க" என்றாள்.

காட்டினேன். மேப்பைத் திறந்தேன். முனிரத்தினத்தின் தோப்பில் சும்மா ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். அவர் வைத்தார், இவள் போனில் வந்தது. பிறகு அவளே போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்குமாக நடந்தாள், நீ நடந்த மாதிரியே. சிக்னல் அறுந்த நேரம் பார்த்து, தோப்புப் புள்ளியை அழித்து ஏரிக்கரையில் ஒன்று வைக்கச் சொன்னேன். வாசற்படியில் நின்றாள். பச்சை விளக்கு எரிந்தது. புள்ளிகள் மொத்தமும் ஒரு கணம் மறைந்து திரும்ப வந்தன. ஏரிக்கரையில் சிவப்பாக ஒன்று நின்றது.

அதை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு மூன்று தடவை அதே மாதிரி நடந்து, அதே மாதிரி பார்த்தாள்.

"இன்னாது இது, நடுவுல ஒருக்கா மினுக்குது?"

"அதுதாம்மா அந்த வேலை. திரும்ப எல்லாத்தையும் எண்ணிப் பார்க்குது. அந்த மினுக்கல் நல்லா இல்லைன்னு ஆபீசுல சொன்னாங்க. அதனாலதான் அன்னைக்கு எடுத்தேன்."

சுமதி திரும்பவும் கொல்லைக்குப் போய் வந்தாள். புள்ளிகள் ஒருமுறை மினுக்கின. கண் சிமிட்டுகிற நேரம்கூட இல்லை. அவள் போனிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அதுவரை நீங்க போட்டுப் பேசியவள்.

"இதுக்கா எடுத்த?"

அந்த ஒரு கேள்வியை நான் இப்போது எங்கே போனாலும் எடுத்துக்கொண்டு போகிறேன். பஸ்ஸில் கேட்கிறது, மீட்டிங்கில் கேட்கிறது, மேப் மினுக்கும்போதெல்லாம் கேட்கிறது. மினுக்கலை நான் இன்னும் சரி செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். அவளுக்கு அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டினேன். உனக்காவது வாயால் சொல்ல வேண்டும். நீ கடைசியாகக் கேட்டதற்குப் பொய் சொன்னவன், இதற்காவது உண்மையைச் சொல்கிறேன்.

ஆமாண்டா. இதுக்குத்தான் எடுத்தேன்.